நொதி மரபணுவும் புற்றுநோய் முன்கணிப்பும்: ஆய்வில் சறுக்கும் இடங்கள்

இந்த வகை ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. ஏதாவது ஒரு நொதியை எடுத்துக்கொள்வார்கள். அதன் மரபணு வெளிப்பாடு, அதாவது அந்த மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவின் அளவு, கட்டியில் கூடுதலா, இயல்பான திசுவில் கூடுதலா என்று முதல் படம். வெளிப்பாடு கூடிய நோயாளிகள், குறைந்த நோயாளிகள் என்று இரண்டாகப் பிரித்து, காலம் போகப் போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் உயிர்பிழைப்பு வளைகோடு வரைந்தால் இரண்டாவது படம். அப்புறம் டி செல், மேக்ரோஃபேஜ் என்று நோய் எதிர்ப்புச் செல்களோடு அந்த மரபணு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சிவப்பும் நீலமுமாக ஒரு கட்டப்படம். கடைசியில், இந்த நொதி, நோயின் போக்கை முன்கூட்டியே சொல்லும் நல்ல முன்கணிப்புக் குறியீடாகவும் சிகிச்சை இலக்காகவும் அமையக்கூடும் என்று ஒரு வரி. நொதியின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார்.

கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. நானும் இதே வார்ப்பில் படம் போட்டவன்தான். 2006இல் தொடங்கிய டிசிஜிஏ (தி கேன்சர் ஜீனோம் அட்லஸ்) என்ற புற்றுநோய் மரபணுத் தரவுத் திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைத் திரட்டி, பெரும்பகுதியை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இணையத்தில் நான்கு தடவை சொடுக்கினால் வளைகோடு வந்துவிடும். இவ்வளவு எளிதாக வருவதுதான் ஆபத்து.

அந்த ஆர்என்ஏ யாருடையது?

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான் என்பேன். டிசிஜிஏ போன்ற திட்டங்களில் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மொத்தமாக அரைத்து ஆர்என்ஏவை அளக்கிறார்கள். அந்தத் துண்டில் புற்றுச் செல்கள் மட்டுமா இருக்கின்றன? ரத்தக் குழாய்ச் செல்கள், நார்த்திசுச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆகவே நொதியின் அளவு கூடியிருந்தால், புற்றுச் செல் அதை அதிகம் செய்கிறது என்று பொருளாகலாம். அதைச் செய்யும் வேறு வகைச் செல்கள் அங்கே அதிகம் கூடியிருக்கின்றன என்றும் பொருளாகலாம். மொத்த அளவைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஐடிஓ1 என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். டிரிப்டோஃபான் அமினோ அமிலத்தைக் கைனுரெனின் பாதையில் தள்ளிவிடுவது இதன் வேலை. டிரிப்டோஃபான் குறைந்து கைனுரெனின் பெருகினால் டி செல்கள் சோர்ந்துபோகும். அப்படியானால் ஐடிஓ1 கூடினால் நோயாளிக்குக் கேடு என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால் இந்த மரபணுவைத் தூண்டிவிடுவதே இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம். அதைச் சுரப்பவை, வேலை செய்துகொண்டிருக்கும் டி செல்கள். ஆக, ஐடிஓ1 கூடிய கட்டி பல சமயம் டி செல்கள் நிறைந்த கட்டியாகவே இருக்கும். சிறுநீரகப் புற்றுநோயில் இந்த நொதி பெரும்பாலும் கட்டியின் ரத்தக் குழாய்ச் செல்களில் தென்படுகிறது. அது கூடிய நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்ததாகப் பதிவும் இருக்கிறது. நொதி நல்லது செய்தது என்று இதற்குப் பொருளில்லை. தீ எரியும் இடத்தில் தீயணைப்பு வண்டி நிற்பது போலத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவைப் பார்க்கலாம், அல்லது திசுச் சீவலில் அந்தப் புரதத்துக்குச் சாயமேற்றி எந்தச் செல்லில் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டாவது வழி எட்டாது. முதலாவது எட்டும்.

எதிர்ப்புச் செல் படத்தின் மாயம்

சைபர்சார்ட் போன்ற மென்பொருள்கள் கட்டிக்குள் எத்தனை டி செல், எத்தனை மேக்ரோஃபேஜ் என்று எண்ணிச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை எதையும் எண்ணுவதில்லை. அதே ஆர்என்ஏ தரவிலிருந்து கணக்குப் போட்டு ஊகிக்கின்றன. நம் நொதி மேக்ரோஃபேஜில் இயல்பாகவே அதிகம் வெளிப்படும் மரபணு என்றால், மேக்ரோஃபேஜ் மதிப்பீட்டோடு அது ஒத்துப்போகாமல் எங்கே போகும்? அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதினால், ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்துவிட்டு இரண்டும் ஒரே எடை காட்டுகிறதே என்று வியப்பது போலாகும்.

கட்டியின் தூய்மை, அதாவது துண்டில் புற்றுச் செல்களின் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புற்றுச் செல் குறைவான துண்டில் எதிர்ப்புச் செல் மரபணுக்கள் எல்லாமே ஒன்றாக ஏறும். தூய்மைக்குச் சரிசெய்த பிறகு பல ஒட்டுறவுகள், அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்கும் தொடர்புகள், கரைந்துபோகும்.

இன்னொன்று, பி மதிப்பில் மயங்குவது. உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய தொடர்பு தற்செயலாகத் தென்படும் வாய்ப்புதான் பி மதிப்பு. 500 மாதிரிகள் இருந்தால் 0.2 என்ற சொற்ப ஒட்டுறவுக்கே (1 என்றால் முழுப் பொருத்தம்) பி மதிப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். படத்தில் மூன்று நட்சத்திரம் போடலாம். ஆனால் அந்த 0.2 விளக்குவது மொத்த வேறுபாட்டில் 4 சதவீதத்தைத்தான்.

வளைகோடு பிரிந்தால் போதுமா?

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மார்பகப் புற்றுநோய்க்கு முன்கணிப்பு சொல்வதாக வெளியான 47 மரபணுத் தொகுப்புகளை எடுத்து, அதே அளவில் குருட்டாம்போக்கில் பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 60 சதவீதத் தொகுப்புகள் குருட்டுத் தொகுப்புகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாக இல்லை. சாப்பிட்ட பின் சிரிப்பதோடு தொடர்புடைய மரபணுக்கள்கூட மார்பகப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் 'கணித்தன'.

காரணம் செல் பெருக்கம். வேகமாகப் பெருகும் கட்டியில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. தைமிடின் கைனேஸ், ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் போன்ற டிஎன்ஏ தயாரிப்பு நொதிகளுக்கு இது இன்னும் பொருந்தும். செல் பிரிய வேண்டுமானால் அவை வேண்டும். அவை கூடினால் முன்கணிப்பு மோசம் என்று சொல்வது, வேகமாக வளரும் கட்டி கெடுதல் என்று சொல்வதுதான். நோய் நிலை, தரம் (கட்டிச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), வயது, செல் பெருக்க அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் உங்கள் நொதி நிற்கிறதா என்று பாருங்கள்.

க்ளையோமா என்ற மூளைக் கட்டியின் குறைந்த தர வகையில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஐடிஹெச் என்ற நொதியின் மரபணுவில் மாற்றம் இருக்கும்; அது உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடக் கணிசமாக அதிக காலம் வாழ்கிறார்கள். இரு பிரிவுக்கும் ஏராளமான மரபணுக்கள் வேறுபடுவதால், எந்த மரபணுவைப் போட்டாலும் வளைகோடு அழகாகப் பிரிய நல்ல வாய்ப்புண்டு. ஐடிஹெச் நிலையைச் சேர்க்காத க்ளையோமா வளைகோட்டை நான் நம்புவதில்லை.

வெட்டுப்புள்ளி விஷயமும் சாதாரணமல்ல. கூடுதல், குறைவு என்று எந்த எண்ணில் பிரிப்பது? நடு மதிப்பில் பிரித்தால் ஒன்றும் வரவில்லை, சரி, மென்பொருளையே 'சிறந்த' வெட்டுப்புள்ளியைத் தேடச் சொல்வோம் என்பது பழக்கமாகிவிட்டது. எல்லாப் புள்ளிகளையும் முயன்று மிகக் குறைந்த பி மதிப்பைத் தேர்ந்தால், இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லும், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பிழை வாய்ப்பு 40 சதவீதத்தை எட்டக்கூடும் என்று புள்ளியியலாளர்கள் 1994இலேயே எச்சரித்தார்கள். 33 புற்றுநோய்களிலும் ஒரே மரபணுவைச் சோதிப்பதும் இதே கதைதான். உண்மையில் எங்குமே தொடர்பில்லை என்றாலும், ஏதாவது ஒன்றில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வர 80 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. முடிவில் அந்த ஒன்று மட்டும் தலைப்பில் ஏறும். மற்ற 32 காணாமல் போகும்.

ஆர்என்ஏ வேறு, நொதி வேலை வேறு

ஆர்என்ஏ கூடினால் புரதமும் அதே அளவில் கூடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புரதம் கூடினாலும் நொதி வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. முன்பு சொன்ன ஐடிஹெச் நொதிகளில் ஒன்றான ஐடிஹெச்1ஐயே பாருங்கள். 132ஆவது இடத்தில் இருக்கும் அர்ஜினின் அமினோ அமிலம் மாறிவிட்டால், அந்த நொதி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளாக மாற்றத் தொடங்குகிறது. அந்தப் பொருள் டி செல்களின் செயல்பாட்டையும் முடக்குகிறது. மரபணு வெளிப்பாட்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதில் எதுவுமே கண்ணில் படாது. பைருவேட் கைனேஸ் என்ற இன்னொரு நொதியில், பிகேஎம் என்ற ஒரே மரபணுவிலிருந்து பிகேஎம்1, பிகேஎம்2 என்று இரண்டு வடிவங்கள் வருகின்றன. மரபணு அளவில் எண்ணினால் இரண்டும் ஒரே கணக்கில் விழும்.

சிரிப்பு வரவழைக்கும் ஒரு விஷயமும் உண்டு. ஆய்வகத்தில் மற்ற மரபணுக்களை ஒப்பிடப் பலர் மாறா அளவுகோலாகப் பயன்படுத்தும் ஜிஏபிடிஹெச், சர்க்கரையை உடைக்கும் பாதையில் இருக்கும் ஒரு நொதி. புற்றுநோயில் பெரும்பாலும் தாறுமாறாகும் பாதை அதுவேதான்.

இலக்கு என்ற கடைசி வரி

முன்கணிப்புக் குறியீடு வேறு, சிகிச்சைக்கு யார் பதில் தருவார் என்று சொல்லும் குறியீடு வேறு, சிகிச்சை இலக்கு வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு மூன்றாவதை எழுதுவதுதான் நடக்கிறது. டிசிஜிஏ மாதிரிகளில் பெரும்பாலானவை சிகிச்சைக்கு முன் எடுக்கப்பட்ட முதன்மைக் கட்டிகள். உடலின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் மருந்துக்கு அந்தக் கட்டிகள் எப்படிப் பதில் தரும் என்பதை அவை நேரடியாகச் சொல்லாது.

ஐடிஓ1 விஷயத்தில் அந்தக் கடைசி வரியைச் சோதித்தே பார்த்தார்கள். அதைத் தடுக்கும் எபகாடோஸ்டாட் மருந்தை, ஏற்கெனவே பயனில் இருந்த, அதே வகை நோய் எதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்து, முற்றிய மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) உள்ள 706 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை அது. முடிவு 2018இல் வந்தது. நோய் மோசமாகாமல் இருந்த காலத்தின் நடு மதிப்பு, எபகாடோஸ்டாட் பெற்றவர்களுக்கு 4.7 மாதம், அதற்குப் பதில் போலி மருந்து பெற்றவர்களுக்கு 4.9 மாதம்.