ஜெர்மனியின் கோதுமை பீர்: ருசித்துப் பார்த்து ஒப்பிடுவது எப்படி?

தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வரும், கூடவே கிராம்பு வாசனையும் வரும். இரண்டையும் யாரும் உள்ளே போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. ஈஸ்ட் என்ன செய்திருக்கிறது என்று தேடத் தெரிந்துவிட்டால் எந்த இரண்டு கோதுமை பீரையும் ஒப்பிட்டுவிடலாம்.

1. நாலு பாட்டில் போதும்

ஃப்ரைசிங் நகரத்து வைஹென்ஸ்டெஃபானர் ஆலையின் ஹெஃபெவைஸ்பியர் (ஈஸ்ட்டோடு கலங்கலாக வரும் கோதுமை பீர், சுருக்கமாக ஹெஃபெ), அதே ஆலையின் கிறிஸ்டால், கெல்ஹைமிலிருந்து வரும் ஷ்னைடர் வைஸ் ஒரிஜினல், அதே ஷ்னைடரின் அவென்டினுஸ். எல்லாமே அரை லிட்டர் பாட்டில்கள். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மொத்தம் அரை லிட்டர்தான் வரும், நாக்கு களைக்காது. வாங்கும்போது தேதி பாருங்கள். அவென்டினுஸ் தவிர மற்றவை புதிதாக இருக்கும்போதுதான் மணக்கும்.

2. மூக்கைத் தயார் செய்யுங்கள்

ஒரு கிராம்பை நசுக்கி மோந்து பாருங்கள். அடுத்து நன்றாகப் பழுத்த வாழைப்பழம். வாசனை மனதில் பதிந்திருந்தால் கிளாஸில் கண்டுபிடிப்பது சுலபம்.

3. ஊற்றும் முறை

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். 7, 8 டிகிரி சரியாக இருக்கும். ஜில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது. கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை அடங்கிவிடும், அதனால் நன்றாகக் கழுவி, கடைசியில் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும்.

தனி ஆளாகக் குடித்தால், கடைசி இரண்டு விரல் அளவை மிச்சம் வைத்து, பாட்டிலைச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுவார்கள். நாலு பேருக்குப் பகிரும்போது இப்படிச் செய்தால் ஈஸ்ட் முழுவதும் கடைசி கிளாஸுக்கே போய்விடும். திறப்பதற்கு முன்பே பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டிவிடுங்கள். எலுமிச்சைத் துண்டு வேண்டவே வேண்டாம். தோலின் எண்ணெய் நுரையையும் கெடுக்கும், வாசனையையும் மூடிவிடும்.

4. முதல் ஜோடி: கிறிஸ்டாலும் ஹெஃபெவும்

இந்த ஒப்பீட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஒரே ஆலை, இரண்டிலும் ஆல்கஹால் 5.4 சதவீதம். கிறிஸ்டாலில் ஈஸ்ட்டை வடிகட்டிவிட்டார்கள், அதனால் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் மோந்து பாருங்கள், வாழைப்பழம் அதிலும் இருக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கிய வாசனை பீரில் கரைந்துவிட்டது. வடிகட்டியில் சிக்கியது ஈஸ்ட்டின் உடல்தான். கலங்கலான ஹெஃபெவை ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். ரொட்டி மாவு போன்ற ருசியும் வழவழப்பும் தெரியும். கிறிஸ்டாலில் அவை குறைவு, வாயுவின் சுருக்கு அதிகம்.

5. இரண்டாம் ஜோடி: ஷ்னைடர்

ஒரு காலத்தில் பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை ஆட்சியாளர் குடும்பத்திடமே இருந்தது. 1872இல் மன்னர் இரண்டாம் லுட்விக்கிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றவர் கேயோர்க் ஷ்னைடர். இன்றைய ஒரிஜினலும் 5.4 சதவீதம்தான், நிறம் மட்டும் செம்பழுப்பு. இதில் வாழைப்பழத்தைவிடக் கிராம்பைத் தேடுங்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வெந்நீரில் ஊறவைக்கும்போது சுமார் 45 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் வெளிவரும். அதைத்தான் ஈஸ்ட் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது.

அவென்டினுஸ் கடைசியில்தான். 1907இல் தொடங்கிய இது 8.2 சதவீதம், முதலில் குடித்தால் மற்ற மூன்றும் தண்ணீராகத் தோன்றும். உலர்திராட்சை, கறுத்துக் கனிந்த வாழைப்பழம், அடியில் கிராம்பு. அவசரப்படாமல், கிளாஸ் சூடேற ஏற மறுபடி மோந்து பாருங்கள். என் வோட்டு இதற்குத்தான்.

இடையிடையே தண்ணீரும் ஒரு துண்டு ப்ரெட்சலும் (முடிச்சு வடிவ ஜெர்மன் ரொட்டி) போதும். ஒவ்வொன்றுக்கும் வாசனை, முதல் வாய், விழுங்கிய பின் நிற்கும் ருசி என்று மூன்றே வரி எழுதிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டப்போகிறவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

6. கண்ணை மூடி ஒரு சோதனை

கிறிஸ்டாலிலும் ஹெஃபெவிலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவரை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மூக்கு தடுமாறும்; எது எது என்று நாக்கில் படியும் கனத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள்.