பார்படாஸுக்குப் பெட்டி கட்டும் குமரிக்காரர்களுக்கு

முதலில் மிக்ஸியை வெளியே எடுத்து வையுங்கள். நம்மூரில் வாங்கினது 230 வோல்ட், அங்கே 115தான், தேங்காயைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும் (சுமந்துபோய்ப் பட்டவன் சொல்கிறேன்). ராணுவ உடை மாதிரித் துணியும் வேண்டாம், குழந்தைக்குக்கூட. அங்கே அது சட்டப்படி குற்றம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. மரச்சீனியைக் கசாவா என்று கேளுங்கள், பிரெட்ஃப்ரூட் என்பது நம்ம சீமைச்சக்கைதான், அப்புறம் அவர்கள் கொண்டாடும் ஃப்ளையிங் ஃபிஷ் வேறொன்றுமில்லை, குளச்சலில் பார்க்கிற பறவைக்கோலா, முள் எடுத்தே விற்பார்கள், தேங்காய் அரைத்துப் புளி விட்டு வைத்தால் ஊர் ருசி வந்துவிடும்.

கடற்கரையில் சிவப்புப் பட்டை பூசின மரம் இருந்தால் தள்ளியே நில்லுங்கள். மஞ்சினீல். காய் குட்டி ஆப்பிள் போலிருக்கும், தின்றால் ஆபத்து, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது.

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஒக்கியைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டாம், தண்ணீர், டார்ச், பவர் பேங்க் தயாராக இருக்கட்டும்.

2 பார்படாஸ் டாலர் 1 அமெரிக்க டாலர். அம்மாவை அங்கிருந்து ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடுங்கள், இங்கே விடிகாலை 5:30, சரியாக அடுப்படியில் இருப்பார்.