லினக்ஸ் கெர்னல் ஒதுக்கிவைக்கும் நினைவகத்தைக் கண்காணிக்கும் முறை

வெண்ணாற்று மதகில் நீர்மட்டம் பதியும் சிறு லினக்ஸ் பலகையில், பொருத்திய ராம் நினைவகத்தைவிட, இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் காட்டும் மொத்த நினைவகம் குறைவாக இருந்தால் அதைப் பழுதென்று கருத வேண்டியதில்லை. துவக்கத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

முதலில், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் 'மெமரி' என்று தொடங்கும் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரிவாரியான விவரம் ப்ராக் கோப்பகத்தின் ஐஓமெம் கோப்பில் உள்ளது. ரூட் எனும் நிர்வாகி உரிமையின்றித் திறந்தால் முகவரிகள் வெறும் சுழியங்களாகவே தெரியும். இந்த ஒதுக்கீட்டு அளவுகள் ஓட்டத்தின்போது பெரிதாக மாறாதவை என்பதால், கெர்னலைப் புதுப்பித்த பிறகு மட்டும் ஒப்பிட்டால் போதும்.

தொடர்ந்து கவனிக்க வேண்டியது, சாதனங்களுக்குத் தொடர்ச்சியான நினைவகத் துண்டுகளைத் தருவதற்கென ஒதுக்கிய சிஎம்ஏ பகுதியைத்தான். ப்ராக் கோப்பகத்தின் மெம்இன்ஃபோ கோப்பிலுள்ள 'சிஎம்ஏ டோட்டல்' (மொத்தம்), 'சிஎம்ஏ ஃப்ரீ' (காலி) மதிப்புகளை, குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். சம்பா அறுவடைக்குப் பின் அதே வயலில் உளுந்து விளைவதைப் போல, கேமரா முதலிய சாதனங்கள் கேட்காத வேளையில் இப்பகுதியை, தேவைப்பட்டால் இடம்மாற்றத்தக்க பக்கங்களுக்கு (நினைவகத்தின் சிறு அலகுகளுக்கு) கெர்னல் கொடுத்துவிடுகிறது. ஆகவே 'ஃப்ரீ' மதிப்பு குறைந்தாலே எச்சரிக்கை அனுப்புவது வீண்வேலை. சாதனம் கேட்டபோது ஒதுக்கீடு தோல்வியுற்றதாக டிமெஸ்ஜியில் செய்தி வந்தால் மட்டுமே, கெர்னல் துவங்கும்போது கொடுக்கும் அமைப்பு மதிப்பான துவக்க அளபுருவில் சிஎம்ஏ அளவைக் கூட்டுங்கள்.