சி நிரலில் பாஸ்வேர்டைத் திரையில் காட்டாமல் வாங்குவது எப்படி?

ஸ்கேன்எஃப் போட்டுப் பெயர், வயது எல்லாம் வாங்கப் பழகியிருப்பீர்கள். பாஸ்வேர்டையும் அப்படியே வாங்கினால் தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் திரையில் விழும், பின்னால் நிற்பவர் படித்துவிடுவார். நிரலை ஓட்டும்போதே கட்டளை வரியில் கொடுத்துவிடலாமே என்றால் அது இன்னும் மோசம்: ஷெல் ஹிஸ்டரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதே கணினியில் பிஎஸ் (ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் கட்டளை) அடிப்பவர் கண்ணிலும் படலாம்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவது உங்கள் நிரல் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் டிரைவர். நிரலுக்கோ எண்டர் தட்டிய பிறகுதான் முழு வரியும் வந்து சேர்கிறது. ஆகவே அந்த டிரைவரிடம்தான் "கொஞ்ச நேரம் எக்கோவை நிறுத்து" என்று சொல்ல வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கு டெர்மியோஸ் என்ற, டெர்மினல் அமைப்பை மாற்றும் வசதி இருக்கிறது. (கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், 'மேன் டெர்மியோஸ்' (man termios) அடித்தால் டெர்மியோஸ் தொடர்பானவற்றின் அசல் எழுத்துக்கூட்டல் கிடைக்கும்.)

ஸ்ட்ரக்ட் டெர்மியோஸ் பழசு, புதுசு;
டிசிகெட்அட்டர்(0, &பழசு);
புதுசு = பழசு;
புதுசு.சி_எல்ஃபிளாக் &= ~எக்கோ;
டிசிசெட்அட்டர்(0, டிசிஎஸ்ஏஃப்ளஷ், &புதுசு);

டிசிகெட்அட்டர் இப்போதைய அமைப்பைப் 'பழசு'க்குள் வாங்குகிறது, டிசிசெட்அட்டர் மாற்றியதை வைக்கிறது, 0 என்பது நிரலின் உள்ளீடு. நாலாவது வரியை நிதானமாகப் பாருங்கள். எக்கோ என்பது ஒரே ஒரு பிட். மற்ற பிட்களைத் தொடாமல் அதை மட்டும் அணைக்கிறோம். சோம்பல்பட்டு மொத்தத்தையும் 0 ஆக்கினால் பேக்ஸ்பேஸும் கன்ட்ரோல்-சியும்கூட வேலை செய்யாது.

அடுத்து எஃப்கெட்ஸ் கொண்டு வரியை வாங்குங்கள். 1234 என்று தட்டினால் பஃபரில் நீளம் 5 இருக்கும், ஏனென்றால் எண்டரும் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டாமல் ஒப்பிட்டால் சரியான பாஸ்வேர்டும் தப்பு என்றே வரும், காரணம் தெரியாமல் மண்டை காயும். ஸ்ட்ர்சிஸ்பன் கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 0 வையுங்கள்.

அப்புறம் உடனே டிசிசெட்அட்டர்(0, டிசிஎஸ்ஏஃப்ளஷ், &பழசு). இதை மறக்கவே மறக்காதீர்கள். நான் ஒருமுறை பிழை வந்தால் பாதியில் ரிட்டர்ன் ஆகும்படி எழுதிவிட்டு, இந்த வரியை அதற்குக் கீழே வைத்திருந்தேன். நிரல் முடிந்த பின் எல்எஸ் அடித்தால் பட்டியல் வருகிறது, அடித்த எழுத்து தெரியவில்லை. அப்படி ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்டிடிஒய் சேன்' (stty sane) என்று தட்டி எண்டர் கொடுங்கள், சரியாகிவிடும். நடுவில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் இதே சிக்கல் வரலாம். சில ஷெல்கள் தாமாகவே சரிசெய்யும், சில செய்யாது, அதனால் சிக்இன்ட்டுக்கு (கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிரலுக்கு வரும் சிக்னல்) ஒரு ஹேண்ட்லர் எழுதி அதிலும் பழசைத் திரும்ப வைப்பதுதான் நல்லது. எக்கோ அணைந்திருந்தபோது தட்டிய எண்டரும் திரைக்கு வந்திருக்காது, எனவே ஒரு புதுவரியை நீங்களே அச்சிடுங்கள்.

வேலை முடிந்ததும் பஃபரை அழிக்க வேண்டும். மெம்செட் போதாது, அதன் பிறகு பஃபரை யாரும் படிக்கவில்லை என்று பார்த்து கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடலாம். எக்ஸ்பிளிசிட்_பிஜீரோ அப்படிப் போகாது, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2017 முதல், அதாவது 2.25 பதிப்பிலிருந்து இருக்கிறது.

இத்தனையும் எதற்கு, கெட்பாஸ் என்று ஒரே வரியில் முடியுமே என்பீர்கள். முடியும், ஆனால் அதை 2001லேயே போசிக்ஸ் தரத்திலிருந்து (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) எடுத்துவிட்டார்கள், புது நிரலுக்கு வேண்டாம்.

கடைசியாக, பாஸ்வேர்டைப் பைப் வழியாக அனுப்பியும் ஓட்டிப் பாருங்கள். அங்கே டெர்மினலே இல்லாததால் டிசிகெட்அட்டர் -1 தரும். அதைச் சோதிக்காமல் விட்டால் 'பழசு' முழுக்கக் குப்பைதான்.