மருத்துவமனை நிர்வாகப் பட்டப்படிப்பு: தென்னாப்பிரிக்காவில் எங்கே சறுக்குகிறார்கள்?

பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக் முடிவுகள் வந்த கையோடு, டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “டாக்டர் சீட் கிடைக்கல, பரவாயில்ல. மருத்துவமனை நிர்வாகம் படிக்கட்டும், அடுத்த வருஷம் உள்ளேயே மாறிக்கலாம்.” அப்படி மாற வழி கிடையாது. நிர்வாகப் படிப்பில் உடற்கூறியலும் வேதியியலும் இல்லை. அதன் பாடங்களை மருத்துவப் படிப்பில் கழித்துக்கொள்ள முடியாது. மறுபடி விண்ணப்பித்தால் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதை ஆறுதல் பரிசாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. விடியுமுன்னே கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் டாக்டர் தீர்மானிப்பதில்லை. கிடங்கு இருப்பைப் பார்ப்பவர், கொள்முதல் ஆணை போடுபவர், பணி அட்டவணை தயாரிப்பவர் தீர்மானிக்கிறார்கள். அந்த வேலையை மனதார விரும்புகிறவர் படிக்க வேண்டிய படிப்பு இது.

பட்டம் வாங்கியதும் எந்தப் பதவிக்கும் போகலாம் என்ற நம்பிக்கையும் தவறானது. டாக்டர், பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராஃபர் ஆகியோர் மருத்துவத் தொழிலர்களுக்கான மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.விலும், நர்சுகள் நர்சிங் கவுன்சிலிலும், மருந்தாளுநர்கள் பார்மசி கவுன்சிலிலும் பதிவு செய்கிறார்கள். நிர்வாகப் பட்டத்துக்கு அப்படிப் பதிவு எதுவும் இல்லை. நர்சிங் மேலாளர் பதவிக்கு நர்சாக இருந்தாக வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் நோயாளியின் சிகிச்சைச் செலவு அனுமதியைக் கவனிக்கும் ‘கேஸ் மேனேஜர்’ வேலைக்கும் பெரும்பாலும் பதிவுபெற்ற நர்சையே கேட்கிறார்கள். உங்களுக்குத் திறந்திருப்பவை நோயாளர் பதிவு, பில்லிங், மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பு) கோரிக்கைகள், கொள்முதல், சுகாதாரத் தகவல், பணியாளர் நிர்வாகம் போன்றவை. சேருமுன் இருபது வேலை விளம்பரங்களையாவது எடுத்து, ‘தகுதி’ என்ற பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள்.

சேரும்போதே நடக்கும் தவறுகளில் அதிகம் வலிப்பது என்.க்யூ.எஃப். (தேசியக் கல்வித் தகுதி வரிசை) நிலையைப் பார்க்காமல் விடுவது. மூன்றாண்டு டிப்ளமோவும் மூன்றாண்டு இளங்கலையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் குறைந்தது 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. ஆனால் டிப்ளமோ 6ஆம் நிலை, இளங்கலை 7ஆம் நிலை. டிப்ளமோ முடித்தவர் ஆனர்ஸ் என்ற 8ஆம் நிலைப் படிப்புக்குப் போகுமுன் 7ஆம் நிலையிலுள்ள அட்வான்ஸ்ட் டிப்ளமோவை முடிக்க வேண்டும். அதற்கு மேலும் 120 கிரெடிட், அதாவது ஒரு முழு ஆண்டு. மூன்றாண்டு இளங்கலை முடித்தவரும் நேரே முதுகலைக்குப் போய்விட முடியாது. முதுகலை 9ஆம் நிலை. நடுவே 8ஆம் நிலையில் ஆனர்ஸோ போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவோ வேண்டும். பொது சுகாதாரத்தில் முதுகலை கனவு உள்ளவர்கள் இந்த ஆண்டுக் கணக்கையும் அதற்கான பணத்தையும் முதல் நாளே எழுதி வைப்பது நல்லது.

தனியார் கல்லூரி என்றால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: உயர்கல்வித் துறையில் பதிவு, உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம், தேசியத் தகுதி ஆணையமான சாக்வாவில் அந்தப் படிப்புக்கான எண். கல்லூரிக்குப் பதிவு இருப்பது வேறு, நீங்கள் சேரும் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. எண்ணைக் கேட்டு வாங்கி, சாக்வா தளத்தில் நீங்களே தேடுங்கள். பண உதவி கிடைக்குமா என்பதும் கல்லூரியைப் பொறுத்ததுதான். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். எனப்படும் அரசு மாணவர் நிதியுதவி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளுக்கும் மட்டுமே. தனியார் கல்லூரிக்குக் கிடையாது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு கடனில் விழுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

கணிதப் பிரச்சினை இன்னும் முன்னாலேயே, பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. கஷ்டமாக இருக்கிறதென்று மேத்தமேடிக்ஸை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்கு மாறினால், பி.காம். வழியாக வரும் நிர்வாகப் படிப்புகளில் பலவற்றின் கதவு அப்போதே மூடிவிடும்.

உள்ளே வந்தபின் பலர் கோட்டைவிடுவது எண்களில். பாடப்புத்தகங்களில் பல அமெரிக்காவைப் பற்றியவை, அவற்றில் இங்குள்ள கணக்குகள் இருக்காது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 200 படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றில் ஒரு மாதத்தில் உள்நோயாளி நாட்கள் 4,400, ஒரே நாளில் வந்து திரும்பியவர்கள் 200, வெளிநோயாளிகள் 9,000, அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 3,000, செலவு 2.55 கோடி ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் செலவை 4,400ஆல் வகுத்து, ‘ஒரு நோயாளி நாளுக்கு 5,795 ரேண்ட்’ என்று எழுதுவார். தப்பு. வெளிநோயாளிகளுக்கும் அவசரப் பிரிவுக்கும் ஆன செலவு முழுவதும் படுக்கையில் இருந்தவர்கள் தலையில் ஏறிவிட்டது. இங்கே பயன்படும் அளவு பி.டி.ஈ., அதாவது எல்லா வகை வருகைகளையும் நோயாளி நாளுக்குச் சமமாக மாற்றிய எண். அதில் உள்நோயாளி நாட்களை முழுதாகவும், ஒருநாள் நோயாளிகளைப் பாதியாகவும், வெளிநோயாளி, அவசரப் பிரிவு எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்காகவும் சேர்க்க வேண்டும். 4,400 + 100 + 4,000 = 8,500. செலவு ஒரு பி.டி.ஈ.க்கு 3,000 ரேண்ட். ஏறக்குறைய பாதி.

படுக்கை நிரம்பும் விகிதத்துக்கும் மாதத்தை 30 என்று வைக்காமல் சராசரியாக 30.42 நாள் என்று வைக்கிறார்கள். 200 படுக்கைக்கு 6,084 படுக்கை நாட்கள். 4,400உடன் ஒருநாள் நோயாளிகளில் பாதியான 100ஐச் சேர்த்து வகுத்தால் 74 சதவீதம். இங்கே கவனிக்க வேண்டியது, கட்டடத்தில் இருக்கும் படுக்கையை எண்ணக் கூடாது, பயன்படுத்தத் தயாராக உள்ள படுக்கையைத்தான் எண்ண வேண்டும். பழுதுபார்க்க மூடிய வார்டையும் சேர்த்து எண்ணினால் விகிதம் தாழ்ந்து தெரியும். ‘இங்கே இடம் காலியாக இருக்கிறதே’ என்று பணியிடங்களைக் குறைக்க அதுவே காரணமாகிவிடும். ஒரு தவறான வகுத்தலால் நர்ஸ் இல்லாத வார்டு உருவாகலாம். அதனால்தான் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படிக்கக் கூடாது.

அரசு நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சப்ளையர் பில்லை 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. மார்ச்சில் கட்டாமல் விட்ட பில் அடுத்த ஆண்டுப் பணத்தைத் தின்றுவிடும். பி.எஃப்.எம்.ஏ. எனப்படும் 1999ஆம் ஆண்டுப் பொது நிதிச் சட்டத்தைச் சுருக்கக் குறிப்பில் படிக்காமல் மூலத்திலேயே படியுங்கள்.

தனியார் பக்கம் வந்தால், மெடிக்கல் எய்ட் ஸ்கீமும் அதன் நிர்வாகக் கம்பெனியும் ஒன்று என்று நினைப்பது வழக்கமான குழப்பம். ஸ்கீம் உறுப்பினர்களின் பணத்தை வைத்திருக்கும் லாப நோக்கற்ற அமைப்பு. நிர்வாகி அதனிடம் கட்டணம் வாங்கும் கம்பெனி. 1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம் சட்டத்தின் விதிமுறைகள், ஸ்கீம் கட்டாயம் தர வேண்டிய பலன்களாகச் சுமார் 270 நோய்நிலைகளைப் பட்டியலிடுகின்றன. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலும் பில்லில் போட்ட ஐ.சி.டி.-10 நோய்க் குறியீடும்தான். தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் 2024 மே 15 அன்று கையெழுத்தானது என்பதற்காக இதெல்லாம் வீண் என்று விட்டுவிடாதீர்கள். கையெழுத்தான சட்டம் மறுநாளே முழுதாக நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை.

இறுதியாண்டு ஆய்வில் நேரக் கணக்குத்தான் கவிழ்க்கும். சுகாதாரத் தகவல், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி சிறப்புப் பாதுகாப்புக்குரியது. பெயரை அழித்துவிட்டால் போதும், கோப்பைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மருத்துவமனை, மாகாண சுகாதாரத் துறை ஆகிய மூன்றின் அனுமதிக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். செப்டம்பரில் ஒப்படைக்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு முடியுமுன்னே தலைப்பு தயாராக இருக்கட்டும்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வேலை பார்க்க நினைப்பவர்கள் இந்த மூன்றாண்டுக்குள் ஐசிசூலு (சூலு மொழி) பேசக் கற்றுக்கொள்ளுங்கள். புகார் சொல்ல வரும் நோயாளியோடு துப்புரவுப் பணியாளரை மொழிபெயர்க்கச் சொல்லிப் பேசும் மேலாளருக்குப் பாதிச் செய்திதான் வந்து சேரும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, விளம்பரத்தில் இருக்கும் பதவிக் குறியீட்டு எண்ணை இசட் 83 படிவத்தில் அப்படியே எழுதி, எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்து விடுபட்ட படிவத்தோடு நல்ல மதிப்பெண்ணும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டுவிடும்.