சூரிய மின்சாரம்: கணக்கு சறுக்கும் இடங்கள்

தருமபுரியில் என் பக்கத்து வீட்டில் இரண்டு மாதத்திற்கு 400 யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஓசூரில் இருக்கும் என் மைத்துனர் வீட்டில் 800. மாடியில் சூரிய பேனல் பொருத்த இருவர் கையிலும் ஏறக்குறைய ஒரே விலைப்பட்டியல் இருந்தது: மூன்று கிலோவாட், 1,95,000 ரூபாய், மானியம் 78,000 போக 1,17,000. கீழே தடித்த எழுத்தில், “நான்கே வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.” மைத்துனருக்கு அந்த வரி உண்மை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதினாறரை வருடம் ஆகும்.

ஒரே பேனல், ஒரே வெயில். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு போல் ஏறுவதுதான் காரணம். 2024 ஜூலைத் திருத்தத்தின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.70, 500 வரை அதே 6.30, பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45. அதனால்தான் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், ஒரே ஒரு யூனிட் கூடினால் 2,048 ரூபாய் கட்டுகிறார்.

மாடியில் விளையும் யூனிட் இந்தப் படிக்கட்டை மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டு வரும். முதலில் கரைவது 9.45 ரூபாய் யூனிட்; கடைசியில் எஞ்சுவது எப்படியும் இலவசமாகக் கிடைக்கிற 100. இதைப் பார்க்காமல் “யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம்” என்று மொத்தமாகப் பெருக்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. மைத்துனரின் விலைப்பட்டியலில் அப்படிப் பெருக்கி, இரண்டு மாதத்திற்கு 5,760 ரூபாய் மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். அவர் கட்டுகிற தொகையே 4,770தான்!

சரியான கணக்கை ஒவ்வொரு கிலோவாட்டாகப் போட வேண்டும். நம் பகுதியில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும்; இரண்டு மாதத்திற்கு 240. மைத்துனர் வீட்டில் முதல் கிலோவாட் 800ஐ 560 ஆக்கும். கட்டணம் 2,544 ஆகும். வருடத்திற்கு 13,356 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் 560ஐ 320 ஆக்கும், கட்டணம் 799. இன்னொரு 10,470 மிச்சம். மூன்றாவது? மீதமிருக்கும் அந்த 799ஐத்தான் அதனால் குறைக்க முடியும். வருடத்திற்கு 4,794.

இனி விலையைப் பக்கத்தில் வையுங்கள். என் கைக்கு வந்த பட்டியல்களில் ஒரு கிலோவாட் 75,000, இரண்டு 1,40,000. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 மானியம், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் உச்சவரம்பு 78,000தான். ஆக, முதல் இரண்டு கிலோவாட் தத்தம் விலையை மூன்றரை வருடத்திற்குள் எடுத்துவிடுகின்றன. மூன்றாவது தன் 37,000ஐ (கூடுதல் விலை 55,000, மானியம் 18,000 போக) எடுக்க ஏழே முக்கால் வருடம் ஆகும். மூன்றையும் கலந்து சராசரி எடுத்தால் நான்கு வருடம் என்று அழகாக வரும். முதல் இரண்டின் உழைப்பில் மூன்றாவது ஒளிந்துகொள்ளும். குளிர்சாதனம் வாங்கப் போகிறவர், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் மூன்று போடலாம். மற்றவர்களுக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி.

400 யூனிட் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது கட்டுவது 1,175, வருடத்திற்கு 7,050. அதற்கு மேல் யாராலும் அவருக்கு மிச்சப்படுத்தித் தர முடியாது. 1,17,000 ரூபாயை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டாலே 7,600 வரும். ஒரே ஒரு கிலோவாட் போட்டால் 45,000 ரூபாய்க்கு 6,200 மிச்சம் என்று கணக்கு ஓரளவு நிற்கிறது. 250 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். சிலர் தோட்டத்து மோட்டார் ஓடும் யூனிட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். விவசாய இணைப்புக்குத்தான் மின்சாரம் இலவசமாயிற்றே, அதில் எதை மிச்சம் பிடிப்பது?

இன்னொன்று: வருடத்தின் ஆறு கட்டணத்தையும் எடுத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசிக் கட்டணத்தை மட்டும் பார்த்துப் பயந்து முடிவெடுத்தால் அளவு கூடிவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே மார்கழிக் குளிரில் கீசர்தான் யூனிட்டை ஏற்றும். 2 கிலோவாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 120 யூனிட். இத்தகைய வீட்டில் சூரிய வெந்நீர்க் கலன் ஒன்றை முதலில் வைத்துவிட்டு, பிறகு பேனலைப் பற்றி யோசிப்பதே சிக்கனம். (சூடு கூடினால் பேனலின் திறன் குறையும் என்பதால் ஓசூரின் குளிர்ச்சி பேனலுக்கு நல்லது, நமக்குத்தான் வெந்நீர் தேவைப்படுகிறது.)

“கரண்ட் போனாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்” என்று நம்பிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எரியாது. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பில், மின்தடை வந்ததும் இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. மின்தடையிலும் வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும். அதன் விலையையும், சில வருடத்தில் அதை மாற்றும் செலவையும் சேர்த்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் கலைந்துவிடும். பேட்டரி இல்லாவிட்டாலும், இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறையாவது இன்வெர்ட்டர் மாற்ற ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது.

காகித வேலையில் சறுக்குவதும் உண்டு. மின் இணைப்பு காலமான தாத்தா பெயரில் இருக்கும். விண்ணப்பம் பேரன் பெயரில் போகும். முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். பேனலைப் பொருத்தி முடித்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முழுத் தொகையையும் நீங்கள்தான் முதலில் புரட்ட வேண்டும். ஓசூரில் கீழ்த்தளம் சொந்தக்காரர், மேலே மூன்று வாடகை வீடு, நான்கு மீட்டர் என்று கட்டியிருப்பார்கள். பேனல் எந்த இணைப்பில் சேர்கிறதோ அதன் கட்டணம் மட்டுமே குறையும். நான்கையும் கூட்டி அளவு முடிவு செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

நிழல் விஷயத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களிடம் பேசுவது சிரமம். வாசலில் நிற்கும் மாமரத்தை வெட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்? வெட்ட வேண்டாம், ஆனால் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று மார்கழியில் ஒரு நாள், சித்திரையில் ஒரு நாள் பார்த்துவிடுங்கள். மரம் மட்டுமல்ல, தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தால்கூட விளைச்சல் சட்டென்று இறங்கும்.

தூசியும் அப்படித்தான். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் வீடு இருந்தால் வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டியிருக்கும். கழுவுவதில் நானே தவறு செய்திருக்கிறேன். முதல் வருடம் முழுவதும் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன், அதுவும் நண்பகல் வெயிலில். எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பது, ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததை நினைத்தாலே விளங்கும். சூடான கண்ணாடியில் அந்த உப்பு நீர் உடனே காய்ந்து, ஓரங்களில் வெள்ளைப் படலமாகப் பிடித்துக்கொண்டது. தேய்த்தால் கீறல் விழும், விட்டால் வெளிச்சம் குறையும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை துடைத்த பிறகுதான் பாதியாவது போனது. இப்போது மழைநீர்த் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரை இரண்டு குடம் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போதே மாடிக்கு ஏறிவிடுகிறேன்.