டிஎன்எஸ் ரெக்கார்டை மாற்றும் முன்: ஜோன் எடிட்டரில் கவனிக்க வேண்டியவை

டிஎன்எஸ் ரெக்கார்டு என்பது உங்கள் டொமைனின் (இணையதளப் பெயரின்) தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் பதிவு. சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தில் அதை மாற்றும் இடம்தான் ஜோன் எடிட்டர். முதலில் டொமைனின் நேம்சர்வர் (இந்த ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வர்) எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அது வேறு நிறுவனத்தைக் காட்டினால், உங்கள் சிபேனலில் எத்தனை ரெக்கார்டு மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. பலர் பல மணி நேரம் வீணாக்குவது இங்கேதான்.

அடுத்து டிடிஎல், அதாவது ஒரு ரெக்கார்டை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம். சிபேனலில் பெரும்பாலும் 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம் இருக்கும். அதை 300 ஆக்கிவிட்டு, பழைய 4 மணி நேரம் கழியும்வரை பொறுத்திருங்கள். பிறகு ஜோன் எடிட்டரில் 'மேனேஜ்' அழுத்தி, ஏ ரெக்கார்டில் (டொமைனை ஐபி முகவரியோடு இணைப்பது) புதிய சர்வரின் ஐபியை இடுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு மூல டொமைனைக் காட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டு) போதும். மூல டொமைனுக்கே சிநேம் வைக்கக் கூடாது. அங்கே எம்எக்ஸ் (மெயில் சர்வரைச் சொல்வது), என்எஸ் (நேம்சர்வரைச் சொல்வது) எல்லாம் இருப்பதால் மோதும்.

மெயில்தான் அதிகம் சிக்கும் இடம். எம்எக்ஸில் ஐபி எழுதாதீர்கள், சர்வர் பெயர்தான் வர வேண்டும். சில பேனல்களில் பெயரின் முடிவில் புள்ளி வைக்காவிட்டால் டொமைன் மறுபடி ஒட்டிக்கொள்ளும்: 'மெயில்.உதாரணம்.காம்.உதாரணம்.காம்' என்று. சேமித்தபின் அந்த வரியை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். மெயில் வெளிச் சேவையில் இருந்தால், சிபேனலின் 'இமெயில் ரூட்டிங்' பகுதியில் 'ரிமோட்' தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதே சர்வரிலிருந்து போகும் மெயில் உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎக்ஸ்டி, அதாவது உரை ரெக்கார்டு) ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகிவிடும். இரண்டையும் ஒரே ரெக்கார்டாகச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் டிடிஎல்லைப் பழையபடி 14400 ஆக்கிவிடுங்கள்.